பேரலைக்குப் பின் எழுதிய இடாப்பு

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு மறுநாள். இலங்கையின் கிழக்குக் கரையில் பலர் காலை ஆராதனைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கடல் ஊருக்குள் வந்தது. சுமாத்திராத் தீவுக்கு அருகே கடலடியில் 9.1 அளவில் நில அதிர்வு ஏற்பட்டு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் எங்கள் கரையோர ஊர்களுக்கு எந்த எச்சரிக்கையும் வந்து சேரவில்லை.

எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் இன்று இருப்பவர்களில் பலர் அந்த நாளுக்குப் பிறகு பிறந்தவர்கள். மற்றவர்கள் அப்போது குழந்தைகள். ஆகவே சில எண்களை இங்கே எழுதி வைக்கிறோம். பதினான்கு நாடுகளில் 2,25,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இலங்கையில் மட்டும் இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் ஏறக்குறைய 35,000 பேர். சுமார் 5,00,000 பேர் வீடிழந்தார்கள். இலங்கையில் மிக அதிகமான உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில். மட்டக்களப்பு, திருகோணமலை, முல்லைத்தீவு, யாழ்ப்பாணத்தின் வடமராட்சிக் கரை, தெற்கே காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை என்று தீவின் பெரும்பகுதிக் கரை அடிபட்டது.

கனடாவில் இருந்தும் உதவி போனது. கனடிய இராணுவத்தின் பேரிடர் உதவி அணி 2005 ஜனவரியில் அம்பாறைக்குச் சென்று, குடிநீரைச் சுத்திகரித்துக் கொடுத்தது; 7,000க்கும் மேற்பட்டவர்களுக்கு மருத்துவம் பார்த்தது. இதெல்லாம் அப்போது செய்திகளில் வந்தது. அதிகம் பேசப்படாத இன்னொரு உதவியும் இருந்தது. அதைச் செய்தவர்கள் மருத்துவர்களோ படைவீரர்களோ அல்ல. கணினியில் நிரல் எழுதத் தெரிந்த இளைஞர்கள். அவர்கள் செய்த வேலையை ஒரே வரியில் சொல்லலாம்: ஓர் இடாப்பைச் சரியாக எழுதினார்கள்.

எங்கள் சபையில் கணினி படிக்கிற வாலிபர்களுக்குக் குறைவில்லை. அதனால்தான் அந்த இடாப்பின் கதையை இந்த இதழில் எழுத விரும்பினோம்.

ஒரே கேள்வி, ஆயிரம் பட்டியல்

பேரழிவு நடந்த அடுத்த நாள் என்ன குறைவாக இருக்கும் என்று கேட்டால், சோறு, தண்ணீர், மருந்து என்போம். உண்மைதான். ஆனால் அவற்றை விநியோகிக்கப் போகிறவருக்கு முதலில் வேண்டியது வேறு. எங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள்? அவர்களில் பாலுண்ணும் குழந்தைகள் எத்தனை? இந்த முகாமுக்கு இன்று வேறு யாராவது அரிசி கொண்டுபோனார்களா? இவை தெரியாவிட்டால், பெருந்தெருவுக்கு அருகில் இருக்கிற முகாமுக்கு மூன்று லொறி வரும். பாலம் உடைந்த ஊருக்கு ஒன்றுமே போகாது.

உறவினருக்கோ ஒரே கேள்விதான்: ஆள் இருக்கிறாரா? ரொறன்ரோவில் இருந்தும் இலண்டனில் இருந்தும் தொலைபேசி எடுத்தவர்கள் கேட்டது அதுதான். அந்தக் கேள்விக்கு விடை எங்கோ ஒரு பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டிய தாளில் இருந்திருக்கலாம். ஆஸ்பத்திரியின் பதிவேட்டில் இருந்திருக்கலாம். கோயில் மண்டபத்தில் தங்கியவர்களின் பெயரை யாரோ ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதி வைத்திருக்கலாம். ஆயிரம் பட்டியல்கள் இருந்தாலும், ஒன்றில் இருப்பது மற்றதற்குத் தெரியாது.

ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். முதல் நாள் பள்ளிக்கூடத்தில் தங்குகிறார், பெயர் கொடுக்கிறார். மூன்றாம் நாள் தேவாலயத்துக்குப் போகிறார், அங்கேயும் பெயர் கொடுக்கிறார். ஒரு வாரத்தில் தமக்கையின் வீட்டுக்குப் போய்விடுகிறார். இப்போது இரண்டு பட்டியல்களில் அவர் இருக்கிறார். உண்மையில் இரண்டு இடத்திலும் இல்லை. போதாததற்கு, அவருடைய பெயரை ஆங்கில எழுத்தில் ஒருவர் ஒரு விதமாகவும் மற்றவர் வேறு விதமாகவும் எழுதியிருப்பார். எங்கள் பெயர்களைக் கனடாவில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று நமக்குத் தெரியாதா? அப்படி எழுதிய பெயரைத் தேடுகிற மகன், தாய் காணாமற்போனார் என்றே முடிவு செய்வான்.

கொழும்பில் பிறந்த 'சஹன'

பேரலை வந்த சில நாட்களுக்குள் கொழும்பில் கணினித் துறையில் வேலை செய்தவர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் ஒன்றுசேர்ந்தார்கள். அவர்களை ஒருங்கிணைத்தது லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு. பேரலைக்கு ஒரு வருடம் முன்னதாக, 2003இல், திறந்த மூல மென்பொருளை இலங்கையில் வளர்ப்பதற்காக சஞ்சீவ வீரவரண முதலானோர் தொடங்கிய அமைப்பு அது. திறந்த மூலம் என்றால், எழுதிய நிரலை மூடி வைக்காமல், யாரும் எடுத்துப் படிக்கவும் திருத்தவும் பயன்படுத்தவும் விடுவது.

அவர்கள் எழுதிய மென்பொருளுக்கு 'சஹன' என்று பெயர் வைத்தார்கள். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். அரசாங்கம் பேரலைக்குப் பின் நிறுவிய தேசிய செயற்பாட்டு நிலையத்தில் அது பயன்படுத்தப்பட்டது.

பெரிய விஞ்ஞானம் எதுவும் அதில் இல்லை என்பதைத்தான் கணினி படிக்கிற தம்பி தங்கைகள் கவனிக்க வேண்டும். பி.எச்.பி. மொழியில் எழுதி, மை-எஸ்-க்யூ-எல் தரவுத்தளத்தில் சேமிக்கிற சாதாரண இணையப் பயன்பாடு. அதன் உள்ளே இருந்தவை முக்கியமாக நான்கு இடாப்புகள்.

முதலாவது, காணாமற்போனோர் இடாப்பு. தேடுகிறவரும் பதியலாம், கண்டவரும் பதியலாம். இரண்டாவது, முகாம்களின் இடாப்பு. எந்த முகாம் எங்கே இருக்கிறது, அதில் எத்தனை பேர் என்பது. மூன்றாவது, உதவி அமைப்புகளின் இடாப்பு. யார் எந்த ஊரில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால், ஒரே இடத்தில் பத்து அமைப்புகள் நெருக்குவதும் மற்ற இடம் வெறுமையாகக் கிடப்பதும் கண்ணுக்குத் தெரியும். நான்காவது, தேவைகளின் இடாப்பு. கேட்பவரின் தேவையையும் கொடுப்பவரின் பொருளையும் பொருத்திப் பார்ப்பது.

நம்மில் உயர்தர வகுப்பில் கணினி எடுத்தவர்கள் இதைப் பார்த்துவிட்டு, 'இதை நாங்களும் எழுதலாமே' என்று நினைப்பீர்கள். நியாயமான நினைப்புத்தான். ஆனால் அந்த நிரலை எழுதுவதற்குக் காணாத துணிவு, அதற்குள் சரியான தரவைக் கொண்டுவருவதற்குத் தேவைப்பட்டது. முகாமில் இருந்து பெயர்கள் தாளில்தான் வரும். மழையில் நனைந்த தாளாகவும் இருக்கும். அதை ஒருவர் உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டும். ஒரே ஆள் இரண்டு முறை வந்தாரா என்று பார்க்க வேண்டும். நேற்றைய எண்ணை இன்றைய எண்ணாக்க வேண்டும். மென்பொருள் வேலையில் பெரும்பங்கு இப்படிப்பட்ட சலிப்பான வேலைதான். உயிரைக் காப்பாற்றுகிறவர் என்று யாரும் அவரைப் படம் எடுக்கமாட்டார்கள்.

இலங்கையில் இருந்து உலகத்துக்கு

முதலில் எழுதியது அவசரத்தில் எழுதியது. இலங்கைக்கு மட்டும் பொருந்துவது. அடுத்த பேரழிவு எங்கே வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்த பிறகு மென்பொருள் வாங்குவதற்கு யாருக்கும் நேரம் இருக்காது. வருமுன் வாங்கி வைப்பதற்கு ஏழை நாடுகளிடம் பணம் இருக்காது. ஆகவே, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும் விதமாக ஒன்று தயாராக இருக்க வேண்டும் என்று அந்தக் குழு முடிவு செய்தது. சுவீடன் அரசின் சர்வதேச உதவி நிறுவனத்தின் நிதியோடு 2005இல் மென்பொருளைப் புதிதாக எழுதினார்கள். அந்தப் பணியை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் சமிந்திர டி சில்வா.

அந்த வருடமே அது தேவைப்பட்டது. 2005 அக்டோபர் 8இல் பாக்கிஸ்தானின் வடக்கையும் காஷ்மீரையும் நில அதிர்வு உலுக்கியபோது, அந்நாட்டின் தேசிய பதிவு அதிகாரசபை 'சஹன'வைப் பயன்படுத்தியது. 2006 பெப்ரவரியில் பிலிப்பைன்ஸின் லெய்ட்டே தீவில் மண்சரிவு ஒரு கிராமத்தை மூடியபோதும், அதே வருடம் மே மாதம் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா அதிர்ந்தபோதும், 2010 ஜனவரியில் ஹெயிட்டியிலும் அது உதவிக்கு நின்றது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூக நலத் திட்டத்துக்காக வழங்கும் விருது 2005இல் விக்கிப்பீடியாவுக்குக் கிடைத்தது, 2006இல் 'சஹன'வுக்கு. 2009இல் அது தனி அறக்கட்டளையாகவும் ஆனது.

உதவி எப்போதும் பணக்கார நாட்டில் இருந்து ஏழை நாட்டுக்குப் போவதாகவே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். இந்தக் கதையில் அடிபட்ட நாடே மற்ற நாடுகளுக்குக் கொடுத்தது. தன் துயரத்தில் கற்றதைப் பூட்டி வைக்காமல் கொடுத்தது.

தட்டச்சு செய்த கைகள்

பணக்கார நாடும் இதே இடத்தில் தடுமாறியது. 2005 ஆகஸ்ட் 29இல் கத்ரீனா சூறாவளி அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தது. மக்கள் பல மாநிலங்களுக்குச் சிதறினார்கள். காணாமற்போனவர்களைத் தேட எத்தனையோ இணையத்தளங்கள் தோன்றின. ஒவ்வொன்றிலும் தனித்தனிப் பட்டியல். தாயைத் தேடுகிற பிள்ளை எல்லாவற்றிலும் தேட வேண்டியிருந்தது.

அப்போது ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் அவரவர் வீட்டில் இருந்தபடியே அந்தப் பட்டியல்களை வாசித்து, ஒரே இடத்தில் பதிந்தார்கள். பட்டியல்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கு ஒரு பொது வடிவமும் வகுக்கப்பட்டது. அதை வகுத்தவர்களில் கா-பிங் யீ என்பவர் ஒருவர். ஒன்ராறியோவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் படித்தவர். எங்கள் சபைப் பிள்ளைகளில் சிலர் ஆசையோடு விண்ணப்பிக்கிற அதே வாட்டர்லூதான். 2010இல் ஹெயிட்டிக்காகக் கூகிள் தொடங்கிய 'பேர்சன் ஃபைண்டர்' சேவை இந்த வடிவத்தின் மேல்தான் கட்டப்பட்டது.

2011 மார்ச்சில் ஜப்பானில் நில அதிர்வும் பேரலையும் வந்தன. அது உலகில் தொழில்நுட்பம் மிகுந்த நாடுகளில் ஒன்று. அங்கேயும் புகலிடங்களில் பெயர்கள் சுவரில் ஒட்டிய தாள்களில் கையெழுத்தில்தான் இருந்தன. மக்கள் அந்தத் தாள்களைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பினார்கள். தன்னார்வலர்கள் படத்தைப் பார்த்துப் பெயர்களைத் தட்டச்சு செய்தார்கள். இறுதியில் அந்தச் சேவையில் 6,00,000க்கும் மேற்பட்ட பதிவுகள் சேர்ந்தன. அந்தப் பெயர்களுக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய பொறுமை இருக்கிறது.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்திலும் இதைக் கண்டோம். முன்பின் தெரியாதவர்களுக்கு வீட்டைத் திறந்துவிட ஆயத்தமாக இருந்தவர்களின் பட்டியலை இளைஞர்கள் இணையத்தில் ஒரு விரிதாளில் சேர்த்தார்கள். யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம். நல்ல முயற்சி. ஆனால் காப்பாற்றப்பட்டவர்களுக்காகவும் உதவி கேட்கும் பழைய செய்திகள் கைத்தொலைபேசிகளில் நாட்கணக்கில் சுற்றிக்கொண்டே இருந்தன. பட்டியலில் பெயர் மட்டும் போதாது, திகதியும் நேரமும் இருக்க வேண்டும் என்பதை அது காட்டியது.

முன்னமே கூடியிருந்தவர்கள்

இந்தக் கதைகள் எல்லாம் அழிவுக்குப் பிறகு கூடியவர்களைப் பற்றியவை. அழிவுக்கு முன்னமே கூடியிருந்த ஓர் ஊரின் கதையும் உண்டு. அந்த ஊர் புதுச்சேரிக்கு அருகே உள்ள நல்லவாடு என்ற மீனவக் கிராமம்.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. அதற்கு நிதி கொடுத்தவர்களில், ஒட்டாவாவில் இருக்கிற கனடாவின் சர்வதேச அபிவிருத்தி ஆராய்ச்சி நிலையமும் ஒன்று. ஓர் அறை, அதில் கணினி, அதை நடத்த அந்த ஊர்த் தன்னார்வலர்கள். கடல் அலை எவ்வளவு உயரம் இருக்கும் என்ற தகவலை இணையத்தில் எடுத்து, மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். அரசுத் திட்டம், சந்தை விலை எல்லாவற்றையும் அப்படியே அறிவிப்பார்கள். ஒலிபெருக்கியில் வருவதை நம்பலாம் என்று ஊருக்குப் பழகிப்போயிற்று.

பேரலை வந்த அன்று, அந்த ஊர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். முன்பு அறிவு மையத்தில் தன்னார்வலராக உழைத்தவர். செய்தியில் பேரலை பற்றி அறிந்ததும் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். தண்ணீர் ஊருக்குள் வரத் தொடங்கியிருந்தது. வெளியே ஓடுங்கள், மற்றவர்களுக்கும் சொல்லுங்கள் என்றார். ஊரார் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அதை அறிவித்தார்கள். சுமார் 150 வீடுகள் அழிந்தன. 3,500க்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அந்தக் கிராமத்தில் ஒருவரும் இறக்கவில்லை.

அன்று அங்கே வேலை செய்தது ஓர் ஒலிபெருக்கியும் ஒரு தொலைபேசி அழைப்பும்தான். ஆனால் எந்த இடத்துக்குச் சொன்னால் ஊர் முழுவதும் கேட்கும் என்று அந்த இளைஞருக்குத் தெரிந்திருந்தது. சொன்னால் நம்புவார்கள் என்ற பழக்கமும் ஆறு வருடங்களாக வளர்ந்திருந்தது. அதைப் பேரழிவு வந்த அன்று காலையில் உண்டாக்க முடியாது.

இடாப்பின் மறுபக்கம்

இவ்வளவு நேரமும் இடாப்பைப் புகழ்ந்தோம். ஆனால் எங்கள் சபையில் முதியவர் ஒருவரிடம் போய், 'பெயர், தொலைபேசி எண், எத்தனையாம் மாடி, தனியாகவா இருக்கிறீர்கள்' என்று கேட்டால் அவர் முகம் மாறக்கூடும். அதற்குக் காரணம் உண்டு. அதையும் வாலிபர்கள் அறிந்திருக்க வேண்டும்.

1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளையும் கடைகளையும் எரித்த கும்பல்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. எந்த வீட்டில் தமிழர் என்பதை அதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். அரசாங்கம் தேர்தலுக்காக எழுதிய பெயர்கள், அன்று ஆளைத் தேடிப் பிடிக்கப் பயன்பட்டன. எங்கள் பெற்றோரில் பலர் இந்த நாட்டுக்கு வந்த பாதை அங்கேதான் தொடங்குகிறது. அதன் பிறகும் பதிவு, சோதனைச்சாவடி, அடையாள அட்டை என்று பெயர் கொடுக்க வேண்டிய ஒவ்வொரு இடமும் அச்சமுள்ள இடமாகவே இருந்தது.

பேரலைக்குப் பிறகும் அந்த அவநம்பிக்கை போகவில்லை. நிவாரணத்தை வடக்கு கிழக்கில் பங்கிடுவதற்காக அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் 2005 ஜூனில் 'பொதுக் கட்டமைப்பு' என்ற உடன்படிக்கையில் ஒப்பமிட்டார்கள். அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளை இடைநிறுத்தியது. கொழும்பில் எவ்வளவு நல்ல மென்பொருள் இருந்தாலும், ஒருவரை ஒருவர் நம்பாத இரண்டு தரப்புக்கு நடுவே உதவி சிக்கிக்கொண்டால் கணினியால் அதை விடுவிக்க முடியாது.

வேதாகமம் படிக்கிற நமக்கு இது புதிதல்ல. நத்தார் கதையே ஒரு குடிமதிப்போடு தொடங்குகிறது. அகுஸ்துராயன் பெயர் எழுதச் சொன்னது மக்களை அறிந்துகொள்ள அல்ல, ஆள. நிறைமாதக் கர்ப்பிணி அதற்காக வழிநடக்க வேண்டியிருந்தது. நெகேமியாவின் புத்தகத்திலும் ஒரு நீண்ட பெயர்ப் பட்டியல் வருகிறது. வாசிப்பவர்கள் தாண்டிப் போகிற அதிகாரம் அது. ஆனால் அது சிறையிருப்பில் இருந்து வீடு திரும்பியவர்களின் இடாப்பு. அதில் பெயர் இருந்தவருக்கு அது சுமையல்ல, இடம். இரண்டும் பட்டியல்தான். எழுதுகிறவரின் நோக்கமும், எழுதிய தாள் யார் கையில் போகிறது என்பதும் தான் வேறு.

கணினித் தன்னார்வலர்களும் இதை அனுபவத்தில் கற்றார்கள். காணாமற்போனவர் கிடைத்த பிறகும் அவருடைய பெயரும் ஊரும் இணையத்தில் என்றென்றும் கிடக்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. கத்ரீனாவில் பிறந்த அந்தப் பொது வடிவத்தில் பிற்பாடு ஒரு புதிய கட்டம் சேர்க்கப்பட்டது: ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு காலாவதித் திகதி. அந்த நாள் வந்ததும் பதிவு அழிய வேண்டும். எழுதத் தெரிந்தது போல அழிக்கவும் தெரிந்த இடாப்பு அது. இந்த வரலாறு முழுவதிலும் எங்களை அதிகம் நிறுத்தி யோசிக்க வைத்தது இந்தச் சிறிய கட்டம்தான்.

வோபர்னில்

பேரலை இங்கே வராது. ஆனால் 2013 டிசம்பர் 22ஐ வோபர்னில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு மூன்று நாள் முன். முதல்நாள் இரவு முழுவதும் பெய்த உறைமழையில் மரங்களும் மின்கம்பிகளும் பனிக்கட்டியின் பாரத்தில் முறிந்து விழுந்தன. ரொறன்ரோ மாநகரில் ஏறக்குறைய 3,00,000 மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. மிகவும் அடிபட்ட பகுதிகளில் ஸ்காபரோவும் ஒன்று. சில வீடுகளுக்கு நத்தார் முடிந்த பிறகுதான் மின்சாரம் வந்தது. மாநகரசபை குளிர்காய நிலையங்களைத் திறந்தது.

மின்சாரம் நின்றால் தொடர்மாடியில் என்ன நடக்கும் என்பது மார்க்கம் வீதியிலும் லோரன்ஸ் அவெனியூவிலும் வாழ்கிற நமக்குத் தெரியும். மின்தூக்கி நிற்கும். உயர்ந்த மாடிகளுக்குத் தண்ணீர் ஏறாது. வெப்பம் இறங்கும். பத்தாம் மாடியில் தனியாக இருக்கிற எழுபத்தைந்து வயது அம்மாவுக்கு, குளிர்காய நிலையம் எங்கே திறந்திருக்கிறது என்பது இணையத்தில் இருந்து என்ன பயன்? அவருடைய தொலைபேசியில் மின்னேற்றம் இல்லை. படிகளில் இறங்கும் முழங்காலும் இல்லை.

அந்த வருட முடிவில், குளிர்சாதனப் பெட்டியில் உணவு கெட்டுப்போனவர்களுக்காக மாகாண அரசு மளிகைப் பரிசு அட்டைகளை வழங்க ஏற்பாடு செய்தது. நீண்ட வரிசைகள் நின்றன. சில இடங்களில் அட்டைகள் முடிந்துவிட்டன. கொடுக்க மனம் இருந்தது. கொடுக்கப் பொருளும் இருந்தது. யாருக்கு மிக அவசரம் என்று சொல்லும் பட்டியல் இருக்கவில்லை. பட்டியல் இல்லாத இடத்தில் வரிசைதான் தீர்மானிக்கும். குளிரில் மணிக்கணக்கில் நிற்க முடிந்தவருக்குக் கிடைக்கும்.

இந்த இடத்தில்தான் சபை போன்ற ஒரு சிறிய சமூகத்துக்கு அரசாங்கத்தால் முடியாத ஒன்று முடிகிறது. இந்தப் பெரிய நகரத்தில் யார் தனியாக இருக்கிறார், யாருக்கு இன்சுலின் குளிரில் வைக்க வேண்டும், யாருடைய பிள்ளைகள் ஒன்ராறியோவுக்கு வெளியே இருக்கிறார்கள் என்பதெல்லாம் எங்கள் சபையில் யாராவது ஒருவருக்குத் தெரியும். ஆனால் அது பலருடைய மனதில் சிதறிக் கிடக்கிறது. பேரலைக்குப் பிறகு இலங்கையில் ஆயிரம் பட்டியல்கள் இருந்தது போலத்தான்.

ஆகவே எங்கள் யோசனை இது. இதைக் கணினித் திட்டம் என்று சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு விரிதாளில் அடங்கும்.

விரும்புகிறவர் மட்டும் பெயர் கொடுக்கட்டும். கேட்பது நான்கு விடயங்கள் மட்டும்: பெயர், எந்தக் கட்டடம் எத்தனையாம் மாடி, யாரை அழைக்க வேண்டும், மின்சாரம் இல்லாவிட்டால் முதலில் என்ன வேண்டும். குடியுரிமையும் வருமானமும் வந்த விதமும் நமக்கு வேண்டாம். தேவைப்படாத ஒன்றைக் கேட்காமல் இருப்பதே முதல் பாதுகாப்பு.

இரண்டு பேர் பொறுப்பாக இருக்கட்டும். ஒருவர் வாலிபர், ஒருவர் மூப்பர். மின்சாரம் இல்லாதபோது கணினி திறக்காது. ஆகவே அச்சிட்ட ஒரு பிரதி பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் படியேறக்கூடிய இரண்டு வாலிபர்களின் பெயர் எதிரே இருக்கட்டும். பட்டியல் வட்ஸ்அப் குழுவில் ஒருபோதும் போகக்கூடாது.

ஒவ்வொரு வருடமும் நவம்பரில், குளிர் இறுகுமுன், பெயர் கொடுத்தவரை நேரில் போய்ப் பார்த்து, மாறியதைத் திருத்த வேண்டும். வேண்டாம் என்றவரின் பெயரை அன்றே அழிக்க வேண்டும். ஈஸ்டர் வந்ததும் பழைய அச்சுப் பிரதியைக் கிழித்துவிட வேண்டும். இதுவே எங்கள் காலாவதித் திகதி. அந்த நவம்பர்ச் சந்திப்பில் ஒரு தேநீர் குடித்து அரை மணி நேரம் பேசிவிட்டு வந்தால், பட்டியல் எப்போதாவது தேவைப்படும் நாளில் கதவைத் தட்டுகிறவர் அந்நியராக இருக்கமாட்டார். நல்லவாட்டில் ஒலிபெருக்கியை நம்பியது போல, இங்கேயும் அந்தத் தட்டலை நம்புவார்கள்.

படிப்பில் கெட்டிக்காரர்களான எங்கள் கணினி வாலிபர்களுக்கு இது சின்ன வேலையாகத் தோன்றலாம். கொழும்பில் அன்று கூடியவர்களும் சின்ன வேலையைத்தான் செய்தார்கள். ஒரு பெயரைச் சரியான எழுத்தில், சரியான இடத்துக்கு எதிரே, சரியான திகதியோடு எழுதினார்கள். அந்த வேலை ஐந்து நாடுகளுக்குப் பயன்பட்டது.

இந்த நவம்பரில் எங்களோடு வீடு வீடாக வர விரும்புகிறவர்கள் ஆராதனைக்குப் பிறகு வாலிபர் மேசையில் பெயர் கொடுங்கள். ஒன்றை மட்டும் ஆயத்தப்படுத்திக்கொண்டு வாருங்கள். கதவைத் திறக்கிற பாட்டி, 'எதுக்குத் தம்பி என்ர பேர்?' என்று கேட்பார். கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. யாரிடம் இருக்கும், எதற்குப் பயன்படும், எப்போது அழியும் என்ற மூன்றையும் அவர் கண்ணைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த பிறகுதான் பேனாவைத் திறக்க வேண்டும்.